சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி: தொலைவும் பறப்பு நேரமும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவும் பறப்பு நேரமும் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமற்ற எண்களாகவே எடுத்தாளப்படுகின்றன. தொலைவு எந்தப் புவி வடிவத்தின்மேல் அளக்கப்பட்டது, நேரம் எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடிகிறது என்ற கேள்விகள் எழுப்பப்படுவதில்லை. சென்னை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் (பலாலி) இடையிலான வான்வழியைச் சான்றாகக் கொண்டு இவ்விரு எண்களும் எவ்வாறு உருவாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வழியில் பறப்பு நேரத்தைத் தீர்மானிப்பதில் தொலைவைவிட ஓடுபாதையின் நீளமும் அதனால் கட்டுப்படும் விமான வகையுமே பெரும்பங்கு வகிக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்: பெருவட்டத் தொலைவு, தட்டைக் கோளம், பறப்பு நேரம், பலாலி, ஓடுபாதை, நாழிகைவழி.

முன்னுரை

தமிழில் வழித்தொலைவைக் குறித்த பழைய அளவைகளுள் ‘நாழிகைவழி’ என்பது ஒன்று. ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிடம், நடந்தால் கடக்கக்கூடிய தூரம் அது; ஏறத்தாழ ஒன்றரை மைல். தொலைவைச் சொல்வதும் நேரத்தைச் சொல்வதும் அங்கே ஒரே செயல். நடப்பவர் மாறினாலும் நடை பெரிதும் மாறாது என்ற நம்பிக்கையின்மேல் நின்ற அளவை அது. காதம் என்ற பேரளவை இதைவிடச் சிக்கலானது. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், மதுரை எங்குள்ளது எனக் கேட்கும் கண்ணகிக்குக் கோவலன் முப்பது காதம் என விடையளிக்கிறான். காதத்துக்குப் பத்து மைல் என அகராதி தரும் மதிப்பைக் கொண்டால் அது 480 கி.மீ. ஆகும். புகாருக்கும் மதுரைக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவோ அதில் பாதியளவே. காப்பியத்தின் எண் பிழை என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. காதம் என்பது எவ்வளவு, அளக்கப்பட்டது வழியா நேர்கோடா என்பவை தெளிவானால்தான் அந்த எண் பேசத் தொடங்கும்.

இக்கால வான்வழித் தொலைவுகளுக்கும் இது பொருந்தும். புலம்பெயர்வு, வணிகம், கடல்வழித் தொடர்பு ஆகியன பற்றிய ஆய்வேடுகளில் ‘இவ்வளவு கி.மீ., இவ்வளவு மணி நேரப் பறப்பு’ என்ற தொடர்கள் சான்று காட்டப்படாமலே இடம்பெறுகின்றன. அவ்வெண்களைத் தரும் பொதுவான கணிப்பான்கள் இரு நிலையங்களின் ஆயத்தொலைகளைக் கொண்டு தொலைவைக் கணித்து, அதை ஒரு சராசரி ஜெட் விமான வேகத்தால் வகுத்து, ஏற்ற இறக்கத்துக்கென அரைமணி நேரத்தைக் கூட்டி விடையளிப்பன. சென்னை–யாழ்ப்பாணம் வழிக்கு இம்முறை தரும் விடை ஏறத்தாழ 57 நிமிடம். விமான நிறுவனங்களின் கால அட்டவணை தருவதோ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை. நூற்றுக்கணக்கான கி.மீ. மட்டுமே உள்ள ஒரு வழியில் இந்த வேறுபாடு சிறிதன்று. அது எங்கிருந்து வருகிறது என்று தேடினால் புவியின் வடிவத்தில் தொடங்கி வலிகாமம் வடக்கின் செம்மண் வரை செல்ல நேர்கிறது.

தொலைவு: ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்

சென்னை விமான நிலையம் வட அட்சம் 12.994 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 80.171 பாகையிலும் அமைந்துள்ளது. பலாலி நிலையம் வட அட்சம் 9.792, கிழக்குத் தீர்க்கம் 80.070 பாகைகளில் உள்ளது. அட்ச வேறுபாடு 3.2 பாகை, தீர்க்க வேறுபாடு பத்தில் ஒரு பாகை மட்டுமே. எனவே இவ்வழி கிட்டத்தட்ட நேர் தெற்கு நோக்கியது. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் அதன் திசைக்கோணம் ஏறத்தாழ 182 பாகை.

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, அக்கோளத்தின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். நெடுந்தொலைவு வழிகளில் இப்பெருவட்டப் பாதை நிலப்படத்தில் வளைந்து தோன்றும். தில்லியிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் விமானம் வடதுருவப் பக்கமாகச் செல்வதன் காரணம் அதுவே. சென்னை–யாழ்ப்பாணம் வழியில் இச்சிக்கல் இல்லை. தீர்க்கக்கோடுகள் யாவும் பெருவட்டங்களே. ஆதலின் அவற்றை ஒட்டிச் செல்லும் பாதையில் நிலப்படத்தின் நேர்கோடும் புவியின் குறுவழியும் ஒன்றுபடுகின்றன.

ஆயினும் இங்கு வேறொரு சிக்கல் உண்டு. புவியை 6,371 கி.மீ. ஆரமுடைய முழுக்கோளமாகக் கொண்டால் ஒரு பாகை 111.19 கி.மீ. ஆகும், அவ்வழியில் இத்தொலைவு 356.2 கி.மீ. வருகிறது. புவி முழுக்கோளமன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்பதைக் கணக்கில் கொண்டு, செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கு இன்று அடிப்படையாக உள்ள டபிள்யூஜிஎஸ் 84 என்னும் தட்டைக் கோளத்தின்மேல் கணித்தால் 354.4 கி.மீ. வருகிறது. வேறுபாடு 1.8 கி.மீ., ஏறத்தாழ அரை விழுக்காடு. தட்டையான கோளத்தில் நடுக்கோட்டுக்கு அருகே வடக்கு–தெற்கு வளைவு கூர்மையாக இருக்கிறது. சென்னையின் அட்சத்தில் அவ்வளைவின் ஆரம் 6,338 கி.மீ. அளவே. எனவே அங்கே ஒரு பாகையின் நீளம் 110.6 கி.மீ.யாகச் சுருங்குகிறது. துருவத்தை நெருங்க நெருங்க அது நீளும்.

இந்தச் சுருக்கத்தை அளந்தறியும் முயற்சி தொடங்கிய இடம் இவ்வான்வழியின் வடமுனையிலேயே உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் தம் நில அளவைக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அதன் தென்முனை பெரும்பாக்கத்துக் குன்று. கீழ் அட்சங்களில் ஒரு பாகையின் நீளத்தைக் கண்டறிவது அவருடைய நோக்கங்களுள் தலையாயது. சோழமண்டலக் கரையோரமாக ஒரு சிறு தீர்க்கவில்லை அவர் முதலில் அளந்தார். பின்னர் உள்நாட்டில் குமரிமுனை தொடங்கி வடக்கே நீண்ட பேரளவை அதன் தொடர்ச்சியாகும். இன்று பரங்கிமலை, விமான நிலையத்தின் வேலியிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. யாழ்ப்பாண விமானம் ஓடுபாதையை விட்டெழுந்து தெற்கே திரும்பும்போது, லாம்டன் சங்கிலிகொண்டு நடந்த அதே திசையில்தான் செல்கிறது.

உயரத்தில் பறப்பதால் தொலைவு கூடாதா என்ற ஐயம் அடிக்கடி எழுவதுண்டு. ஐந்து கி.மீ. உயரத்தில் இவ்வில்லின் நீளம் தரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 280 மீட்டர் மட்டுமே கூடுதல். இதைப் புறந்தள்ளலாம். ஆனால் 356, 354 என்ற இரு எண்களையும் ஒரே கட்டுரையில் வெவ்வேறு இடங்களில் கலந்து ஆளுதல் கூடாது. முன்னது கோளக் கணிப்பு, பின்னது தட்டைக் கோளக் கணிப்பு என்று குறித்துவிட்டால் இரண்டும் சரியானவையே.

வரைந்த கோடும் பறந்த கோடும்

இந்த 354 கி.மீ. கோட்டை நிலப்படத்தில் வரைந்தால், அது மீனம்பாக்கத்திலிருந்து செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு வழியே இறங்கிக் கல்பாக்கத்துக்கு அருகில் கடலுக்குள் நுழைகிறது. நிலத்தின்மேல் செல்வது ஏறத்தாழ ஐம்பது கி.மீ. மட்டுமே, எஞ்சியது முழுவதும் வங்கக்கடல். புதுச்சேரியும் கோடியக்கரையும் மேற்கே விலகி நிற்க, கோடு காங்கேசன்துறைக்கு அருகில் மீண்டும் நிலத்தைத் தொடுகிறது.

எந்த விமானமும் இக்கோட்டின்மேல் அப்படியே பறப்பதில்லை. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம் உள்ளது. கல்பாக்கத்தின் அணுமின் வளாகத்துக்கு மேலுள்ள வான்வெளி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. வரையறுக்கப்பட்ட வான்தடங்களையும் வழிப்புள்ளிகளையும் பின்பற்றி, சென்னை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலிருந்து இலங்கைக் கட்டுப்பாட்டுக்கு விமானம் கைமாற்றப்பட வேண்டும். இவற்றைவிடப் பெரிய விலகலைத் தருவது ஓடுபாதைகளின் திசை. ஓடுபாதை எண் என்பது அதன் காந்தத் திசைக்கோணத்தைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண். சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25, அதாவது கிழக்கு–வடகிழக்கும் மேற்கு–தென்மேற்கும் நோக்கியது. பலாலியின் ஓடுபாதை 05/23; வடகிழக்கும் தென்மேற்கும் நோக்கியது. செல்லவேண்டிய திசை தெற்கு. ஆகவே இரு முனைகளிலும் விமானம் தன் வழிக்குக் குறுக்கான திசையில் எழவோ இறங்கவோ செய்து, பின் வளைந்தாக வேண்டும்.

எந்த முனையிலிருந்து எழுவது, எந்த முனையில் இறங்குவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. விமானம் எதிர்க்காற்றில் எழுவதும் இறங்குவதுமே முறை. பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் காற்றுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்றும் வடகிழக்குக் காற்றை வாடை என்றும் வழங்குவர். சோளகம் வீசும் மாதங்களில் பலாலியில் ஓடுபாதை 23இல் இறங்க வேண்டும். வடக்கேயிருந்து கடல்வழி வரும் விமானம் சற்றே கிழக்கே விலகி, வடகிழக்கிலிருந்து கடலின்மேலாகவே நெருங்கலாம். வாடையில் நிலை மாறுகிறது. ஓடுபாதை 05இல் இறங்க, விமானம் நிலையத்தைக் கடந்து தெற்கே சென்று தென்மேற்கிலிருந்து திரும்பி வரவேண்டும். வாடைக்காற்று தெற்கு நோக்கிய பயணத்துக்குப் பின்காற்று. வழியில் சில நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது. அதே காற்று, இறங்கும்போது விமானத்தைச் சுற்றவைத்து அம்மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

காற்றின் பங்கு எவ்வளவு?

பறப்பு நேரம் பற்றிய பொதுவிளக்கங்களில் காற்றே முதலிடம் பெறுவது வழக்கம். நெடுந்தொலைவு வழிகளுக்கு அது சரி. இலண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இடையே 5,540 கி.மீ. அளவு தொலைவு. அங்கே உயர்வளிமண்டலத்தின் மேலைத்தாரைக் காற்றால், மேற்கு நோக்கிச் செல்வதற்கும் கிழக்கு நோக்கித் திரும்புவதற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குக் குறையாத வேறுபாடு இயல்பாக உண்டு. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து இலண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. தொலைவு ஒன்றே, நேரம் மட்டும் வானிலையால் மாறியது.

சென்னை–யாழ்ப்பாணம் வழிக்கு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம். இவ்வழியில் பறக்கும் ஏடிஆர் 72-600 வகை விமானத்தின் சீர்வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. காற்றே இல்லையெனில் 354 கி.மீ.யைக் கடக்க 42.5 நிமிடம் போதும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நேர் தென்மேற்கிலிருந்து காற்று வீசுவதாகக் கொண்டால், அதன் எதிர்க்கூறு மணிக்கு 29 கி.மீ., குறுக்குக்கூறு 27 கி.மீ. குறுக்குக்கூற்றைச் சமன்செய்ய விமானம் மூக்கைச் சற்று மேற்கே திருப்பிப் பறக்கும். தரைவேகம் 470 கி.மீ. ஆகக் குறைய, நேரம் 45 நிமிடமாகும். திரும்பும் வழியில் அதே காற்று துணைநிற்க 40 நிமிடம். வேறுபாடு ஐந்தே நிமிடம். போகும்போது இழந்தது வரும்போது முழுமையாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் நோக்கலாம். எதிர்க்காற்றில் செலவிடும் நேரம் பின்காற்றில் செலவிடும் நேரத்தைவிட நீண்டதாதலால், காற்று வீசும் நாளின் இருவழிப் பயணம் காற்றில்லா நாளினதைவிட எப்போதும் சற்று நீளும். இங்கு அது அரை நிமிடத்துக்கும் குறைவு.

உண்மையில் இந்த ஐந்து நிமிடமும் மிகை மதிப்பீடாகவே இருக்கக்கூடும். தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேல் காற்று வலுத்து வீசுவது ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்தில். ஐந்து கி.மீ. அளவில் அதன் வலு தளர்ந்துவிடுகிறது. கீழைத்தாரைக் காற்று அதற்கும் மிக உயரே, பதினான்கு கி.மீ.க்கு அப்பால் உள்ளது. சுழல்விசிறி விமானம் பறக்கும் அடுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சோளகம் விமானத்தைத் தொடுவது பெரும்பாலும் எழும்போதும் இறங்கும்போதும்தான்.

நேரம் எங்கிருந்து எங்கு வரை?

கால அட்டவணை குறிக்கும் நேரம் காற்றில் பறக்கும் நேரம் அன்று. விமானத்தின் சக்கரங்களுக்கு இடப்பட்ட தடைக்கட்டையை எடுத்து நகரத் தொடங்கும் கணம் முதல், சென்றடைந்த நிலையத்தில் மீண்டும் கட்டை இடப்படும் கணம் வரையிலான நேரமே அது. விமானத் துறையின் வழக்கில் இதைக் கட்டை நேரம் எனலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் சீர்வேகத்தை எட்டாமல் பறப்பது, ஓடுபாதைத் திசைக்கேற்ப வளைவது, இறங்கிய பின் ஊர்வது ஆகிய யாவும் இதனுள் அடங்கும். போக்குவரத்து மிக்க சென்னையில் புறப்பாட்டு ஊர்தலுக்கு மட்டும் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகலாம். பலாலியில் அது மிகக் குறைவு. இவற்றோடு, குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கு காட்ட நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிமிடங்களும் உண்டு.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கி, தொலைவைச் சாராத நிலையான பகுதி 38 நிமிடம் என மதிப்பிட்டால், 42 நிமிடத்தைக் கூட்டி மொத்தம் 80 நிமிடம் வருகிறது. அட்டவணையின் ஒன்றேகால்–ஒன்றரை மணி வரம்புக்குள் இது பொருந்துகிறது. அதாவது ஒரு பயணி விமானத்துக்குள் கட்டுண்டிருக்கும் நேரத்தில் ஏறத்தாழ பாதி, தொலைவோடு தொடர்பற்றது.

கடிகார நேரம் பற்றிய ஒரு குறிப்பும் இங்குத் தேவை. இந்தியாவும் இலங்கையும் இன்று ஒரே பொழுதைப் பின்பற்றுகின்றன. ஆதலின் வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழித்தால் கட்டை நேரம் கிடைத்துவிடும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைப் பொழுது அவ்வாறு இல்லை. தொடக்கத்தில் ஒரு மணி நேரமும், அவ்வாண்டு அக்டோபருக்குப் பின் அரை மணி நேரமும் இந்தியப் பொழுதுக்கு முந்தியிருந்தது. அப்பத்தாண்டின் சென்னை–கொழும்பு அட்டவணைகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இதைக் கருதாவிடில், போகும் விமானம் மெதுவாகவும் வரும் விமானம் விரைவாகவும் பறந்ததாகப் பிழைபட முடிவு செய்ய நேரும்.

ஓடுபாதையும் விமானமும்

இனி, முன்னர்க் குறித்த 57 நிமிடத்துக்கும் 80 நிமிடத்துக்கும் இடையிலான வேறுபாட்டின் முதன்மைக் காரணத்துக்கு வரலாம். கணிப்பான் கற்பனை செய்யும் விமானம் ஜெட் விமானம். பலாலிக்குச் செல்வதோ சுழல்விசிறி விமானம். 2019இல் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டபோது பலாலியில் பயன்பாட்டுக்கு இருந்த ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,400 மீட்டர். எழுபது பேர் அளவில் ஏற்றிச்செல்லும் ஏடிஆர் 72 முழுச் சுமையோடு எழுவதற்கு ஏறத்தாழ அவ்வளவே வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகைக்கோ முழுச் சுமையில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தேவை.

இதன் விளைவு வியப்பானது. சென்னையிலிருந்து கட்டுநாயக்க நிலையத்துக்கு 644 கி.மீ. அதற்கான அட்டவணை நேரமும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரைதான். தொலைவில் யாழ்ப்பாணம் கொழும்பின் பாதியைச் சற்றே தாண்டியது. நேரத்தில் இரண்டும் சமம். நேரத்தைக் கொண்டு தொலைவை ஊகிக்கும் நாழிகைவழி மரபு இவ்விடத்தில் முற்றிலும் முறிகிறது.

ஓடுபாதையை நீட்டினால் எவ்வளவு நேரம் மிஞ்சும்? இத்தகைய குறுவழியில் ஜெட் விமானம் தன் முழு வேகத்தை எட்டுமுன்னரே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். சராசரியாக மணிக்கு 700 கி.மீ. எனக் கொண்டால் கடக்கும் நேரம் 30 நிமிடம். மிச்சம் 12 நிமிடம். ஓடுபாதை நீட்டிப்புக்கு நேரச் சேமிப்பைக் காரணமாகக் காட்டுவது வலுவற்றது என்பது இதனால் பெறப்படும். இருக்கைகளும் சரக்கும் கூடும் என்பதே ஏற்கத்தக்க காரணம். மறுபுறம், பலாலியைச் சூழ்ந்த நிலம் வெற்று நிலமன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். அவர்தம் வீடுகளும் செம்மண் தோட்டங்களும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. போர் முடிந்தபின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. எஞ்சிய நிலத்துக்கான கோரிக்கை ஓயவில்லை. ஓடுபாதையின் ஒவ்வொரு நூறு மீட்டரையும் இந்நிலக் கணக்கோடு சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது. பன்னிரண்டு நிமிடத்தின் விலையை நேர அட்டவணையில் மட்டும் தேட இயலாது.

வழி இருந்த காலமும் இல்லாத காலமும்

பலாலி வான்தளம் இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் வான்படையால் அமைக்கப்பட்டது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற்பறப்பு 1947 டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை எனப்பட்ட இத்தளத்தின் வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தது. பறந்தது டகோட்டா வகை விமானம். அதன் சீர்வேகத்தை மணிக்கு 280 கி.மீ. அளவில் கொண்டால் பலாலி–சென்னைத் தொலைவைக் கடக்க 76 நிமிடம் ஆகியிருக்கும். இன்றைய ஏடிஆர் எடுத்துக்கொள்வது 42 நிமிடம். எழுபதாண்டுக் காலத் தொழில்நுட்ப வளர்ச்சி இவ்வழியில் ஈட்டித் தந்தது அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்.

அந்த அரைமணி நேரத்தைப் பொருளற்றதாக்கும் இடைவெளி ஒன்று நடுவில் உண்டு. போர் மூண்டபின் பலாலி படைத்தளமாகியது. தமிழகத்துடனான பயணிகள் வான்வழி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இல்லாதொழிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வரவேண்டியவர் முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே பறக்க வேண்டியிருந்தது. சாலைவழி ஏறத்தாழ 400 கி.மீ., வான்வழி 644 கி.மீ.; ஆக 1,044 கி.மீ. நேர்தொலைவைப்போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏ9 நெடுஞ்சாலை திறந்திருந்த காலத்துக் கணக்கு இது. அச்சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் இதற்குக் கணக்கே இல்லை. புவியின் வளைவோ காற்றின் திசையோ இக்காலத்தில் மாறவில்லை. 354 கி.மீ. என்ற எண் அப்போதும் சரியாகத்தான் இருந்தது. அந்த எண்ணால் எவரும் பயணம் செய்ய முடியவில்லை என்பதே வேறுபாடு. போர்க்கால இடப்பெயர்வை ஆராய்வோர் நேர்கோட்டுத் தொலைவை மட்டும் எடுத்தாளும்போது, அகதிகள் கடல்வழியைத் தேர்ந்ததன் காரணம் பாதி மறைந்துவிடுகிறது.

2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து முறையான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதத்தில் பெருந்தொற்று அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் சேவை மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் ஏடிஆர் விமானத்தோடு இவ்வழிக்கு வந்தது.

2025 மார்ச் இறுதியில் தொடங்கிய திருச்சிராப்பள்ளி–யாழ்ப்பாணம் சேவை, மேற்கண்ட கணிப்பைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது. இரு நிலையங்களுக்கும் இடையிலான தொலைவு 184 கி.மீ.; சென்னை வழியின் பாதியைச் சற்றே மிஞ்சியது. விமான வகை அதே ஏடிஆர். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 22 நிமிடம்; நிலையான பகுதியான 38 நிமிடத்தைக் கூட்ட ஒரு மணி நேரம். அட்டவணையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே குறிக்கிறது. தொலைவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தும் நேரம் கால் பங்கே குறைகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் காற்றில் கழிவதைவிடத் தரையிலும் திருப்பங்களிலும் கழிவதே மிகுதி.